இரவுக்கு ஒரு மாத்திரை, அரையாண்டுக்கு ஓர் ஊசி

கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டின் மாத்திரையை இரவில் போடச் சொல்கிறார்கள். அடோர்வாஸ்டாட்டினைக் காலையில் போட்டாலும் குறையில்லை. ஜெம்ஃபைப்ரோசில் நாளுக்கு இரண்டு வேளை. அதன் உறவுக்கார மருந்தான ஃபெனோஃபைப்ரேட் ஒரே வேளை. எவோலோகுமாப் ஊசி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இன்க்ளிசிரான் ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. எல்லாமே இரத்தக் கொழுப்பைச் சீராக்க வந்தவைதான். வேளைக்கணக்கு மட்டும் மருந்துக்கு மருந்து மாறுகிறது. உள்ளே போன மருந்தை உடல் எப்படி உறிஞ்சுகிறது, எங்கே கொண்டு சேர்க்கிறது, எப்படி உருமாற்றுகிறது, எவ்வளவு வேகத்தில் வெளியே தள்ளுகிறது என்பவற்றைப் பொறுத்தே இந்தக் கணக்கு அமைகிறது. இதை ஆராயும் துறைக்கு மருந்து இயக்கவியல் என்று பெயர்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில், ரப்பரில் தொடங்கிச் செம்பனைக்கு மாறிய தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சுவா போன்ற சிற்றூர்களில் இது வெறும் ஏட்டுச் சங்கதி இல்லை. மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, 2019இல் நாட்டின் பெரியவர்களில் 38.1 விழுக்காட்டினருக்குக் கொலஸ்ட்ரால் மிகுதியாக இருந்தது. 2023இல் அது 33.3 விழுக்காடு. குறைந்த பிறகும் மூவரில் ஒருவர் என்ற கணக்கு. அரசாங்க கிளினிக்கிலிருந்து மருந்துடன் வீடு திரும்பும் முதியவரின் பையில் இனிப்பு நீருக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று என்று மூன்று உறைகளாவது இருப்பது சாதாரணம். கொலஸ்ட்ரால் உறையில் ‘1 பிஜி, மாலாம்’ என்று மலாய் மொழியில் எழுதியிருக்கும். இரவில் ஒன்று என்ற கட்டளை மட்டும்தான் அதில் இருக்கும்; காரணம் எழுத அந்தச் சின்ன உறையில் இடமில்லை.

பாதியாகும் நேரம்

விழுங்கிய மாத்திரை கரைந்து, குடல் சுவரைக் கடந்து, உடல் முழுவதும் பரவுவதற்கு முன் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. குடலிலிருந்து புறப்படும் இரத்தம் எல்லாம் முதலில் அங்கேதான் போய்ச் சேரும். பல மருந்துகளுக்கு இது நட்டம்: இதயத்துக்கோ மூளைக்கோ போக வேண்டிய மருந்தில் ஒரு பங்கைக் கல்லீரல் வழியிலேயே சிதைத்துவிடும். ஸ்டாட்டின் வகை மருந்துகளுக்கோ இதுவே ஆதாயம். கொலஸ்ட்ரால் தயாராவதில் கல்லீரலுக்குப் பெரும் பங்கு உண்டு; மருந்து போய் வேலை செய்ய வேண்டிய இடமும் அதுதான். சிம்வாஸ்டாட்டினில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான பங்குதான் செயல்படும் வடிவில் பொது இரத்த ஓட்டத்துக்கு வருகிறது. அடோர்வாஸ்டாட்டினில் சுமார் 14 விழுக்காடு, ரோசுவாஸ்டாட்டினில் சுமார் 20. தசைவலி போன்ற தொல்லைகளுக்குப் பெரிதும் காரணமாவது கல்லீரலைத் தாண்டி வெளியே வரும் இந்தப் பங்குதான்.

இரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறார்கள். சிம்வாஸ்டாட்டினுக்கு அது ஏறத்தாழ 2 மணி நேரம். ப்ராவாஸ்டாட்டினும் அப்படித்தான். அடோர்வாஸ்டாட்டினுக்கு சுமார் 14 மணி நேரம், ரோசுவாஸ்டாட்டினுக்கு சுமார் 19. கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று புரியும். அரை ஆயுள் 2 மணி என்றால் ஒரு நாளுக்குள் மருந்து 12 முறை பாதியாகி, நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 14 மணி என்றால் அடுத்த நாள் அதே நேரத்தில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு மிச்சம். 19 மணி என்றால் 40 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றைய மாத்திரை சேர்ந்து, நான்கைந்து அரை ஆயுள் கழிந்ததும் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகி, இரத்தத்தில் ஒரு நிலையான அளவு நிற்கும். அடோர்வாஸ்டாட்டினுக்கு இதற்கு மூன்று நாள் போதும்.

இந்தக் கணக்கு மட்டுமே விதி என்றால் சிம்வாஸ்டாட்டினை நாளுக்கு நான்கைந்து முறை விழுங்க வேண்டியிருக்கும். அப்படி நடப்பதில்லை. காரணம், மருந்து இரத்தத்தில் இருக்கும் காலம் வேறு, அதன் விளைவு நீடிக்கும் காலம் வேறு. ஸ்டாட்டின், கொலஸ்ட்ரால் தயாரிப்பில் முக்கியப் படியைச் செய்யும் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதியை அடக்குகிறது. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் உயிரணுக்கள் தங்கள் தேவைக்கு வெளியே கைநீட்டுகின்றன: மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகளைக் கூடுதலாக நட்டு, இரத்தத்தில் ஓடும் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்புத் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. அந்தத் துகள்களும் சில நாள் இரத்தத்தில் சுற்றுபவை. ஆகவே மருந்தின் அளவு மணிக்கணக்கில் ஏறி இறங்கினாலும் கொலஸ்ட்ரால் அளவு வாரக்கணக்கில்தான் நகரும். மாத்திரை தொடங்கிய முதல் வாரத்திலேயே இரத்தம் சோதித்துப் பார்த்து ‘இந்த மருந்து வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அவசரம். முழுப் பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும்.

இரவு என்பது எதற்கு

உடல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதில் இரவு பகல் வித்தியாசம் உண்டு. சாப்பாடு இல்லாத நேரத்தில், நள்ளிரவை ஒட்டியும் விடியலுக்கு முந்தைய மணிகளிலும் உற்பத்தி உச்சத்தில் இருக்கும். அரை ஆயுள் குறுகிய மருந்தைக் காலையில் விழுங்கினால், உச்ச வேளை வருவதற்குள் அது கரைந்து போயிருக்கும். இரவில் விழுங்கினால் மருந்தும் உற்பத்தியும் நேருக்கு நேர் சந்திக்கும். 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு சிறிய ஆய்வு இதை அளந்து காட்டியது. மாலையில் சிம்வாஸ்டாட்டின் போட்டு வந்தவர்களில் ஒரு பிரிவினரைக் காலைக்கு மாற்றியபோது, எட்டு வாரத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 0.38 மில்லிமோலும் எல்டிஎல் 0.25 மில்லிமோலும் கூடின. மருந்தும் அதேதான், அளவும் அதேதான். நேரத்தை மாற்றியதற்கே இவ்வளவு.

சிம்வாஸ்டாட்டினுக்கு மூத்ததான லோவாஸ்டாட்டினை இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வெறும் வயிற்றில் அது சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உணவோடு போனால்தான் முழு அளவு இரத்தத்தில் சேரும்.

பால்மரக் காலத்துப் பழக்கம் இந்த இரவு மாத்திரைக்கு இடம் கொடுத்தது என்றே சொல்லலாம். விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் மரம் சீவப் போகிறவர்கள் இருட்டிலேயே எழுந்து பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்விடுவார்கள். பசியாறுவதெல்லாம் பிறகுதான். அரக்கப்பரக்க ஓடும் அந்தக் காலையில் மருந்தை நினைவு வைப்பது கடினம். சீக்கிரம் சாப்பிட்டுச் சீக்கிரம் படுக்கும் வீட்டில் இரவு மருந்துக்கு ஒழுங்கான நேரம் கிடைக்கும். சிக்கல் செம்பனை ஆலையிலும் தொழிற்பேட்டையிலும் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்யும் அடுத்த தலைமுறைக்கு. ஒரு வாரம் இரவில் உறக்கம், மறு வாரம் பகலில் உறக்கம் என்றால் ‘மாலாம்’ என்ற சொல்லுக்கே நிலையான அர்த்தம் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு அடோர்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ பொருந்தும். அடோர்வாஸ்டாட்டினைக் கல்லீரல் உருமாற்றும்போது உண்டாகும் துணைப்பொருள்களும் நொதியை அடக்கும் வேலையைத் தொடர்வதால், அதன் செயல் 20 முதல் 30 மணி நேரம் வரை நீள்கிறது. தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போட்டால் போதும். அது எந்த நேரம் என்பது அவரவர் வசதி. ரமலான் நோன்பு இருப்பவர்களுக்கும் இதே வசதி உண்டு.

மூன்று வேளையிலிருந்து ஒரு வேளைக்கு

ஸ்டாட்டினுக்கு முந்தைய மருந்துகளின் வேளைக்கணக்கைப் பார்த்தால் நோயாளிகள் பட்ட பாடு தெரியும். 1955இல் கொலஸ்ட்ராலைக் குறைப்பதாகக் கண்டறியப்பட்ட நிகோட்டினிக் அமிலத்தைக் கிராம் கணக்கில், நாளுக்கு மூன்று வேளை விழுங்க வேண்டியிருந்தது. விழுங்கியதும் முகம் சிவந்து எரியும். கொலெஸ்டிரமின் என்ற தூள் இரத்தத்துக்குள் போவதே இல்லை. குடலிலேயே இருந்து பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேறிவிடும் என்பதால் அதற்கு அரை ஆயுள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பித்தநீர் சுரக்கும் வேளைகளில் குடலில் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். 1984இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 3,806 ஆண்கள் பங்கேற்றார்கள். கொலெஸ்டிரமின் பிரிவினருக்கு நாளுக்கு 24 கிராம், அதாவது ஆறு பொட்டலம், என்று விதித்திருந்தார்கள். பலராலும் அதை முழுதாகக் குடித்து முடிக்க முடியவில்லை. மணலைக் கரைத்துக் குடிப்பது போன்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் யார்தான் குடிப்பார்கள்?

ஜப்பானின் சாங்கியோ நிறுவனத்தில் அகிரா எண்டோ 1973இல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த காம்பாக்டின்தான் ஸ்டாட்டின் குடும்பத்தின் முதல் மருந்து. அது கடைக்கு வரவில்லை. அதே வழியில் மெர்க் நிறுவனம் உருவாக்கிய லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகளில் ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாட்டின் மாலையில் ஒரு வேளை தரப்பட்டது. ஐந்தரை ஆண்டு அளவில் அந்தப் பிரிவில் மரண வாய்ப்பு 30 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரே வேளை என்பதும் அந்த வெற்றிக்குள் ஒளிந்திருக்கும் காரணம். ஆறு பொட்டலத் தூளை அத்தனை ஆண்டுகள் யாரும் தொடர்ந்திருக்க மாட்டார்கள்.

மற்ற மாத்திரைகளின் கதை சுருக்கமானது. ட்ரைகிளிசரைடு எனும் முக்கொழுப்பைக் குறைக்கும் ஜெம்ஃபைப்ரோசிலின் அரை ஆயுள் ஒன்றரை மணி நேரம், அதனால் காலையும் மாலையும். ஃபெனோஃபைப்ரேட்டுக்கு சுமார் 20 மணி நேரம், அதனால் ஒரு வேளை. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸெடிமைப், கல்லீரலிலிருந்து பித்தநீரோடு மறுபடி குடலுக்கே வந்து மறுபடி உறிஞ்சப்படுவதால் அதன் அரை ஆயுள் சுமார் 22 மணி வரை நீள்கிறது. வேலை செய்ய வேண்டிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும் மருந்து அது.

ஒரே மாத்திரை, வேறு வேறு உடல்

அரை ஆயுளும் இரத்தத்தில் சேரும் அளவும் புத்தகத்தில் ஒரே எண்ணாக அச்சாகியிருந்தாலும், ஆளுக்கு ஆள் மாறக்கூடியவை. இனத்துக்கு இனமும் சராசரி மாறும் என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு, நெகிரி செம்பிலானுக்குத் தொலைவில்லாத சிங்கப்பூரில் நடந்தது. 2005இல் வெளியான அந்த ஆய்வில் ஒரே ஊரில் வாழும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், வெள்ளையர் என்ற நான்கு பிரிவினருக்கும் ரோசுவாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் ஒரே ஒரு முறை கொடுத்து இரத்தத்தை அளந்தார்கள். வெள்ளையரைவிடச் சீனர் உடலில் மருந்தின் மொத்த அளவு 2.31 மடங்கு, மலாய்க்காரருக்கு 1.91 மடங்கு, இந்தியருக்கு 1.63 மடங்கு. ஊரும் தட்பவெப்பமும் ஒன்றாக இருந்தும் இந்த வேறுபாடு வந்ததால், காரணத்தை மரபணுக்களில் தேடினார்கள். மருந்தைக் கல்லீரலுக்குள் இழுக்கும், குடலிலிருந்து திருப்பி அனுப்பும் கடத்திப் புரதங்களில் இனத்துக்கு இனம் வேறுபாடு இருப்பது காரணத்தின் ஒரு பகுதி.

அதே 2005இல் அமெரிக்க மருந்து ஆணையம் ஆசிய வம்சாவளியினருக்கு ரோசுவாஸ்டாட்டினை 5 மில்லிகிராமில் தொடங்கலாம் என்று மருந்துக் குறிப்பில் சேர்த்தது. 40 மில்லிகிராமை ஆசியருக்குத் தரக் கூடாது என்று ஐரோப்பியக் குறிப்பு சொல்கிறது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே கிளினிக் வரிசையில் அமரும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. கோலாலம்பூரிலோ சென்னையிலோ ஒருவருக்கு 5 மில்லிகிராம் எழுதினால், மருத்துவர் பயந்து குறைத்துக் கொடுப்பதாக நினைக்க வேண்டியதில்லை. அவர் உடலில் அது வெள்ளையருக்கான 5 மில்லிகிராமைவிடக் கூடுதலாகவே நிற்கும்.

இன்னொரு கணக்கும் இதனோடு சேர வேண்டும். ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் இரட்டிப்பாகக் குறையாது. மேலதிகமாக 6 விழுக்காடு அளவில்தான் இறங்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் தெற்காசிய வம்சாவளியினர் 740 பேரிடம் நடந்த ஆய்வில் ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எல்டிஎல்லை 45 விழுக்காடு குறைத்தது, 20 மில்லிகிராம் 50 விழுக்காடு. மாத்திரை இரண்டு மடங்கு, பலன் 5 புள்ளி. ‘ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் சீக்கிரம் இறங்கும்’ என்ற நினைப்பு இந்தக் கணக்கின் முன் நிற்காது. தசைக்கும் கல்லீரலுக்கும் தொல்லை வரும் வாய்ப்புதான் கூடும்.

குறுக்கே வருபவை

சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் மூன்றையும் சிதைப்பது சிஒய்பி3ஏ4 என்ற ஒரே நொதி. அதை வேறு ஏதாவது முடக்கினால் மருந்து வெளியேறாமல் தேங்கும்; 2 மணி நேர மருந்து நீண்ட நேர மருந்தாகிவிடும். கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி, கிரேப்ஃப்ரூட் சாறு ஆகியவை இதைச் செய்யும். இரத்த அழுத்தத்துக்கு ஊரெங்கும் எழுதப்படும் அம்லோடிபினும் ஓரளவு செய்கிறது. அதனால்தான் அம்லோடிபின் போடுபவருக்கு சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று 2011இல் அமெரிக்க ஆணையம் வரம்பு வைத்தது. மேலே சொன்ன மூன்று உறைகளும் ஒரே பையில் இருக்கும் வீடுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி.

கேஸ்ட்ரிக் மருந்து எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த வெள்ளைத் திரவத்தை ரோசுவாஸ்டாட்டினோடு சேர்த்துக் குடித்தால் இரத்தத்தில் சேரும் ரோசுவாஸ்டாட்டின் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இரண்டு மணி நேரம் கழித்துக் குடித்தால் தொந்தரவில்லை. சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்கும் ரோசுவாஸ்டாட்டினை 10 மில்லிகிராமுக்கு மேல் தருவதில்லை. அடோர்வாஸ்டாட்டினுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. நீண்ட கால இனிப்பு நீரால் சிறுநீரகம் தளர்ந்தவர்களின் மாத்திரை மாற்றப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் குறுக்கீடுகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு செரிவாஸ்டாட்டின் சாட்சி. ஜெம்ஃபைப்ரோசிலோடு சேர்த்தபோது அதன் அளவு இரத்தத்தில் ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. தசை சிதைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைத்து, உலகெங்கும் 52 மரணங்கள் பதிவானதும் 2001 ஆகஸ்டில் பாயர் நிறுவனம் அந்த மருந்தைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது.

வாரம், மாதம், அரையாண்டு

2015இல் வந்த எவோலோகுமாப், அலிரோகுமாப் இரண்டும் எதிர்ப்புரத ஊசிகள். எல்டிஎல் ஏற்பிகளைச் சிதைவுக்கு அனுப்பும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைப் பிடித்துக் கட்டுபவை. எதிர்ப்புரதங்களை உடல் மெதுவாகத்தான் கரைக்கும்; எவோலோகுமாபின் அரை ஆயுள் 11 முதல் 17 நாள். அதனால் 140 மில்லிகிராம் ஊசியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டால் போதுமானது. இதையே மாதம் ஒரு முறையாக ஆக்க எவ்வளவு வேண்டும்? இடைவெளி இரட்டிப்பானதால் 280 என்றுதான் மனக்கணக்கு சொல்லும். உண்மையில் தரப்படுவது 420 மில்லிகிராம். மருந்து தன் இலக்கைப் பிடிப்பதும், பிடித்தபின் இலக்கோடு சேர்ந்தே அழிவதும்தான் இதற்குக் காரணம். இரத்தத்தில் மருந்து நிறைய இருக்கும்போது இந்த வழியில் போகும் பங்கு சிறிது. அளவு இறங்க இறங்க இந்த வழி மேலோங்கி, மிச்சம் வேகமாகத் தீரும். மாதக் கடைசிவரை தாக்குப்பிடிக்க மூன்று மடங்கு வைக்க வேண்டியிருக்கிறது.

இன்க்ளிசிரான் அரை ஆயுள் கணக்கையே தலைகீழாக்குகிறது. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 9 மணி நேரம்தான். இரண்டு நாளில் இரத்தத்தில் அதன் சுவடே இருக்காது. ஆனாலும் முதல் ஊசி, மூன்று மாதத்தில் இரண்டாவது, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒன்று. இது ஒரு குறுக்கீட்டு ஆர்என்ஏ மருந்து. அதன் முனையில் ஒட்டியிருக்கும் சர்க்கரைக் கூறைக் கல்லீரல் உயிரணுவின் ஏற்பி அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் அது உயிரணுவின் சொந்தக் கருவியோடு இணைந்து, பிசிஎஸ்கே9 செய்வதற்கான தூது ஆர்என்ஏவை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிக்கொண்டே இருக்கும். ஒரு மூலக்கூறு ஒரு வேலையோடு தீர்ந்துபோவதில்லை. 2020இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், 17 மாதம் கழித்தும் எல்டிஎல் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. ஐரோப்பா 2020 டிசம்பரிலும் அமெரிக்கா 2021 டிசம்பரிலும் இதற்கு அனுமதி தந்தன. இப்படிப்பட்ட ஊசிகளின் விலை அதிகம். தோட்டப்புற மக்களின் பெரும்பான்மைக்கு ஸ்டாட்டின் மாத்திரைதான் இன்றும் வழி. நியாயமாகப் பார்த்தால், அதை ஒழுங்காகப் போட்டாலே பெரும்பாலோருக்குப் போதும்.

ஒழுங்கு தவறுவதற்குக் காரணம் மறதி மட்டும் கிடையாது. தோட்டத்துக்கு ஒரு டிரெஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர், இருந்து லய வீடுகளில் யாருக்கு என்ன நோய் என்று தெரிந்துவைத்திருந்த காலம் பல இடங்களில் போய்விட்டது. குடும்பங்கள் பலவும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. மருந்து தீரும் தேதியும் பேருந்து நேரமும் ஒத்துவராத வீடுகளில் மாத்திரை நாலைந்து நாள் விட்டுப்போவது சகஜம். அரசு மருந்தகங்கள் மிச்ச மாத மருந்தை வீட்டுக்கு அருகில் உள்ள கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளவும் தபாலில் அனுப்பவும் ஏற்பாடு வைத்திருப்பதைக் கேட்டுப் பயன்படுத்தலாம்.

விட்டுப்போன வேளைக்கும் மருந்தின் ஆயுளே விடை சொல்கிறது. ரோசுவாஸ்டாட்டின் ஒரு நாள் தவறினால், தவறிய அந்த வேளையில் முந்தைய மிச்சம் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். விளைவு அதைவிட நீளும். அன்றே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம், மறுநாள் நினைவு வந்தால் அன்றைய ஒன்றை மட்டும் போட வேண்டும், இரண்டாகச் சேர்க்கக் கூடாது. இரண்டு வார எவோலோகுமாப் தவறினால் 7 நாளுக்குள் போட்டுப் பழைய அட்டவணையைத் தொடரலாம். அதைத் தாண்டினால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும். இன்க்ளிசிரான் மூன்று மாதத்துக்குள் தாமதமானால் போட்டுவிட்டுப் பழைய கணக்கிலேயே போகலாம். மூன்று மாதத்துக்கு மேல் போய்விட்டால் முதல் ஊசி, மூன்றாம் மாதம், பிறகு ஆறு மாதம் என்று மறுபடி தொடக்கத்திலிருந்து வர வேண்டும்.